நூலும் ரொக்கமும்: லெர்விக் கடைத்தெருவில் ஒரு நாள்

தமிழில் நூல் என்னும் சொல் பஞ்சில் திரித்த இழையையும் குறிக்கும், புலவன் யாத்த ஏட்டையும் குறிக்கும். நன்னூல் பாயிரத்தைப் படித்தவர்களுக்கு இவ்விரண்டின் உறவை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் பழைய புத்தகக் கடைகளில் ஒரு நாள் முழுவதையும் தொலைத்துவிட்டு வருவதைப் போலவே, பின்னல் கைவந்தவர்கள் கம்பளி நூற்கடைகளில் ஒரு நாளைத் தொலைப்பார்கள். சிட்டத்தைக் கையிலெடுத்து அழுத்திப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். கழுத்தோரம் வைத்து உறுத்துகிறதா என்று சோதிப்பார்கள். எத்தனை புரி, எந்தச் சாயத் தொகுதி என்று சீட்டை வாசிப்பார்கள். ஒரு காலுறைக்கு என்று போனவர்கள் மூன்று சால்வைகளுக்கான நூலுடன் திரும்புவார்கள். வீட்டில் பின்னப்படாத நூல் சேர்வதும் வாசிக்கப்படாத நூல் சேர்வதும் ஒரே நோயின் இரு வடிவங்கள்.

இந்த இனிய அலைச்சலுக்கு மூன்று பொருள்கள் தேவை: கொஞ்சம் ஓய்வு, தெரிவு செய்யப் பல நிறங்கள், கையில் ரொக்கம். மூன்றாவது மிகச் சாதாரணமானதாகத் தோன்றும். ஆனால் உலகப் புகழ்பெற்ற பின்னல்காரிகள் வாழ்ந்த ஓர் ஊரில், தலைமுறை தலைமுறையாக, அந்த மூன்றாவது பொருள் மட்டும் அவர்கள் கைக்கு வரவேயில்லை. அந்த ஊர் லெர்விக். ஷெட்லாந்துத் தீவுகளின் தலைநகர்.

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கும் அப்பால், அறுபதாம் அட்சக்கோட்டை ஒட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளுமாகச் சிதறிக் கிடப்பது ஷெட்லாந்து. நார்வேயின் பெர்கனும் ஸ்காட்லாந்தின் அபர்டீனும் அங்கிருந்து ஏறத்தாழ சம தூரம். 1469இல் டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்தியான், தம் மகள் மார்கரெட்டின் சீதனப் பணத்துக்கு ஈடாக இத்தீவுகளை ஸ்காட்லாந்து மன்னருக்கு அடகு வைத்தார். அடகு மீட்கப்படவில்லை. வரலாற்றின் வாயிலிலேயே ரொக்கம் கொடுக்க முடியாத ஒருவரின் கதை நிற்கிறது.

மரங்கள் அரிதான, காற்று ஓயாத அந்த நிலத்தில் சிறிய உடலும் மிக மென்மையான மயிரும் கொண்ட ஆட்டினம் ஒன்று வளர்ந்தது. கோடையில் அதன் மயிர் தானே தளரும். கத்தரி இல்லாமல் கையாலேயே பறித்துவிடலாம். கழுத்துப் பகுதி மயிர் மிக நுண்மையானது. அதை ராட்டையில் நூற்றுப் பெண்கள் பின்னினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கோடைதோறும் டச்சு மீனவர்கள் ஹெர்ரிங் மீனுக்காகப் பிரஸ்ஸே நீரிணையில் வந்து நங்கூரமிட்டபோது, அவர்களிடம் காலுறை விற்கக் கூடிய கரையோரச் சந்தையிலிருந்துதான் லெர்விக் என்ற ஊரே உருவாயிற்று.

அக்காலத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1951இல் கன்னிஸ்டர் என்னுமிடத்தில் எரிபொருளுக்காகக் கரிச்சேற்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்த இருவர் ஒரு மனிதனின் புதைகுழியைக் கண்டார்கள். உடல் பெரும்பாலும் மக்கிப்போயிருந்தது; கம்பளி உடைகள் மட்டும் சேற்றின் காப்பில் கெடாமல் இருந்தன. பின்னிய தொப்பிகள், கையுறைகள், நீண்ட காலுறைகள், ஒரு சிறிய பின்னல் பணப்பை. சாம்பல் நிறப் பையில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கோலம். உள்ளே மூன்று நாணயங்கள்: டச்சு நாட்டினது இரண்டு, சுவீடனது ஒன்று. அவற்றில் பிந்தியதன் ஆண்டு 1690. பின்னலும் நாணயமும் ஒன்றாக இருந்த ஒரு காலத்தை அந்தப் பை காட்டுகிறது. அதன்பின் இரண்டும் பிரிந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலுறையின் இடத்தைச் சால்வை பிடித்துக்கொண்டது. இயந்திரத்தில் பின்னிய மலிவான காலுறைகளோடு கைப்பின்னல் போட்டியிட முடியாத நிலையில், ஷெட்லாந்துப் பெண்கள் சிலந்தி வலை போன்ற நுண்பின்னலுக்கு மாறினார்கள். வடகோடித் தீவான அன்ஸ்ட் இதில் தலைசிறந்தது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் விரியும் சதுரச் சால்வை, திருமண மோதிரத்தின் ஊடே இழுத்தால் வெளிவந்துவிடும். லெர்விக்கில் பிறந்தவரும், பின்னாளில் காலியிலும் சென்னையிலும் நின்று கல்கத்தா சென்ற நீராவிக் கப்பல்களை ஓட்டிய பி. அண்ட் ஓ. நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான ஆர்தர் ஆண்டர்சன், தம் தீவின் காலுறைகளை இளம் விக்டோரியா அரசிக்குப் பரிசளித்து நாகரிக உலகின் கண்ணை அப்பக்கம் திருப்பினார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் ஷெட்லாந்துச் சால்வைகள் இடம்பெற்றன. லண்டன் சீமாட்டிகள் அவற்றைத் தேடி வாங்கினார்கள்.

பின்னியவர்களின் வாழ்க்கையோ வேறு. ஆண்கள் மீன்பிடிக்கவும் திமிங்கில வேட்டைக்கும் கப்பற்படைக்கும் போனார்கள். பலர் திரும்பவில்லை. 1881 ஜூலையில் வீசிய ஒரே புயலில் ஐம்பத்தெட்டு மீனவர்கள் மாண்டார்கள். குளூப் பேரிடர் என்று அதை நினைவுகூர்கிறார்கள். ஆண் துணையற்ற பெண்கள் உழைத்து நூற்ற நுண்ணூலை நம் சங்கப் பாடல்களும் அறியும். ஷெட்லாந்தில் அத்தகைய பெண்கள் நிலத்தை உழுதார்கள், ஆடு மேய்த்தார்கள், கூடை நிறைய எரிமண் சுமந்தார்கள்; சுமந்து நடக்கையிலும் பின்னினார்கள். இடுப்பில் ஒரு தோல் வார். அதில் குதிரைமயிர் அடைத்த, துளைகள் இட்ட ஒரு சிறு மெத்தை. ஊசியின் ஒரு முனையை அத்துளையில் செருகிவிட்டால், முதுகில் கூடை கனக்கும்போதும் கைகள் ஓடிக்கொண்டிருக்கும். அக்காலப் புகைப்படங்களில் இக்காட்சியைக் காணும் நமக்கு அது அழகாகத் தெரிகிறது. சுமை இறங்கும் வரைகூடக் காத்திருக்க முடியாத வறுமை அது என்பதை அப்படங்கள் சொல்வதில்லை.

உழைப்புக்குக் கூலியாகவோ, பொருளுக்கு விலையாகவோ பணம் தராமல் கடைச் சரக்கைத் தரும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘டிரக்’ என்று பெயர். சாலையில் ஓடும் வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை; பண்டமாற்றைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது இது. ஷெட்லாந்தில் மீனவனும் இந்த முறையில்தான் கட்டுண்டிருந்தான், பின்னல்காரியும் கட்டுண்டிருந்தாள். குறைகள் பெருகவே, பிரிட்டிஷ் அரசு வில்லியம் கத்ரி என்ற வழக்கறிஞரை விசாரணைக்கு அனுப்பியது. 1872 ஜனவரியில் லெர்விக்கில் அவர் அமர்வுகளைத் தொடங்கினார். பின்னல்காரிகள், வணிகர்கள், மீனவர்கள், பாதிரிமார்கள் எனப் பலரும் வந்து சாட்சி சொன்னார்கள். கேள்வியும் பதிலும் எண்ணிடப்பட்டு, சொன்னது சொன்னபடி அச்சாயிற்று. இன்று குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே அதைப் படிக்கலாம். எழுத்து வழக்கத்துக்கு வெளியே வாழ்ந்த பெண்களின் குரல் இவ்வளவு நேரடியாக ஓர் அரசாங்க ஆவணத்தில் பதிவாவது அரிது. நாவல் வாசிக்கும் கவனத்துடன் வாசிக்கத்தக்க அறிக்கை அது.

அதில் பலர் தனித்தனியே சொன்னவற்றைக் கோத்து, ஒரு பின்னல்காரி லெர்விக் கடைகளுக்கு வந்து போகும் ஒரு நாளைக் கற்பனை செய்து பார்ப்போம். இவள் தனியொரு பெண் அல்லள். பலருடைய பொது அனுபவத்தின் உருவம்.

நாட்டுப்புறத்திலிருந்து காலையிலேயே நடந்து வருகிறாள். பல வாரங்கள் பின்னிய சால்வை மூட்டையில் இருக்கிறது. அதை நேரே கடைக்குக் கொண்டுபோக முடியாது. துவைத்து, கந்தகப் புகையில் வெளுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் கோலம் விரிந்து தெரியும். அதற்கென்றே ஊரில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பின்னர் கடை. லெர்விக்கின் பின்னல் வணிகர்களில் பலர் அடிப்படையில் துணிக்கடைக்காரர்கள். சால்வையை விரித்துப் பார்த்து ஒரு விலை சொல்கிறார்கள். பேரம் உண்டு, சில சமயம் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்கு நடக்கவும் செய்கிறாள். ஆனால் எந்தக் கடையில் எந்த விலை படிந்தாலும் அந்த விலை கணக்கில்தான் இருக்கும். அவள் கைக்கு வருவது அலமாரியிலுள்ள சரக்கு: பருத்தித் துணி, நாடா, தேயிலை. காலணி கேட்டால் சில கடைகளில் உண்டு. ரொக்கம் கேட்டால் வழக்கமில்லை என்பார்கள். மிகவும் வற்புறுத்தினால் ஒரு ஷில்லிங் பெயரலாம்.

அவளுக்கு அன்று வேண்டியது மாவு. துணிக்கடையில் மாவு இல்லை. ஆகவே தேயிலை வாங்கிக்கொள்கிறாள். அத்தேயிலையைத் தெரிந்த குடியானவர் வீட்டுக்கோ வேறு கடைக்கோ எடுத்துப்போய், மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றுகிறாள். ஒவ்வொரு மாற்றத்திலும் மதிப்பு தேய்கிறது. அன்று எதுவும் வேண்டாமென்றால் வணிகர் ஒரு சிறு சீட்டு எழுதித் தருவார்: இன்னாருக்கு இத்தனை ஷில்லிங் மதிப்புள்ள சரக்கு பாக்கி என்று. அவசரத்துக்கு அச்சீட்டையே பிறருக்கு விற்பதும் உண்டு, முகமதிப்பைவிடக் குறைவாக. வாடகையை மட்டும் எவரும் தேயிலையாக வாங்கிக்கொள்வதில்லை. நல்ல அச்சுத்துணி உடுத்தி, வயிறு காய்ந்து நின்ற பெண்களைப் பற்றி அறிக்கையில் பேச்சு வருகிறது. சில பெரியவர்கள் அதை அவர்களுடைய ஆடம்பர மோகம் என்றார்கள். கடையில் துணியைத் தவிர வேறு கிடைக்காதபோது துணியைத்தானே உடுத்த முடியும்?

எல்லாவற்றினும் நம்மை நிறுத்திவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அடுத்த சால்வை பின்ன அவளுக்கு நூல் வேண்டும். நுண்ணிய ஷெட்லாந்து நூல் கிராக்கியான சரக்கு. சால்வைக்கு ஈடாக வேறு எதையும் எடுத்துக்கொள்ளலாம். நூலை மட்டும் ரொக்கத்துக்கே தருவோம் என்பது வணிகர்களிடையே இருந்த வழக்கம். ரொக்கமோ அவர்கள் தருவதில்லை. ஆடில்லாத, நூல் வாங்கப் பணமில்லாத பெண் என்ன செய்வாள்? வணிகரின் நூலையே வாங்கிவந்து அவருக்கே பின்னிக் கொடுப்பாள். வேலைக்கூலி மட்டும் சரக்காகக் கிடைக்கும். சொந்த நூலில் பின்னி விலை பேசக்கூடியவள் ஒரு சிறு உற்பத்தியாளர். பிறர் நூலில் பின்னுபவள் கூலியாள். இவ்விருவருக்கும் இடையே இருந்த கதவின் தாழ் அந்த ஒரு வழக்கத்தில் இருந்தது. நூற்கடைக்குள் நின்றுகொண்டு, உலகின் மிக நுண்ணிய பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சிட்டம் நூல் வாங்க இயலாத பின்னல்காரி: பின்னலின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான காட்சி நமக்குத் தெரியாது.

வணிகர்களைக் கொடியவர்களாகத் தீட்டிவிடுவது எளிது. சாட்சியம் அவ்வளவு எளிய சித்திரம் தரவில்லை. சால்வைகளை வாங்கி விற்பதில் லாபம் இல்லை அல்லது மிகச் சொற்பம், சரக்கின் மேல் வைக்கும் விலையில்தான் எங்கள் பிழைப்பு, ரொக்கம் தருவதென்றால் விலையைக் குறைத்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். தெற்கே அனுப்பிய சரக்கு விற்காமல் தேங்கும் ஆபத்தும் அவர்களுடையதே. சாட்சி சொன்ன வணிகருள் ஒருவரான ஆர்தர் லாரன்சன், பழைய நார்ஸ் இலக்கியத்திலும் தீவின் தொன்மைகளிலும் ஆழ்ந்த புலமை உடையவர். அவருடைய கடிதங்களும் கட்டுரைகளும் அவர் மறைவுக்குப்பின் நூலாக வந்தன. இலக்கியம் அறிந்தவர் கடையிலும் கணக்கு சரக்காகவே தீர்ந்தது. முறை ஒன்று ஊறிப்போனபின் தனிமனிதரின் நற்பண்புக்கு அதில் அதிக வேலையில்லை. ஆனால், ரொக்கம் கொடுத்தால் விலை குறையும் என்ற வாதத்திலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது: சரக்காகத் தந்த ஒரு ஷில்லிங், ஒரு ஷில்லிங்காக இருந்ததில்லை.

சட்டம் என்ன செய்தது? 1831ஆம் ஆண்டின் டிரக் சட்டம் கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்றது. ஆனால் அது குறிப்பிட்ட தொழில்களில் முதலாளியின்கீழ் வேலை செய்வோருக்கு மட்டும். தன் வீட்டில் பின்னித் தானே விற்பவளுக்கு முதலாளி யார்? அவள் சட்டத்தின் வலைக்கண் வழியே நழுவிவிட்டாள். கத்ரியின் அறிக்கை வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1887இன் திருத்தச் சட்டம் அவளைக் கண்டுகொண்டது. வீட்டில் தானாகவோ குடும்பத்தாருடனோ செய்து விற்கப்படும் பொருளை வாங்கும் கடைக்காரரை முதலாளியாகவும், விற்பவரைத் தொழிலாளியாகவும் கருத வேண்டும் என்று அதன் பத்தாம் பிரிவு கூறியது. கம்பளியில் பின்னப்பட்டவை அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன. ஐந்து பவுனுக்குக் குறைந்த மதிப்புள்ள பொருளாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை. தொலைவான ஊரில், வாங்குபவர் சிலராகவும் விற்பவர் பலராகவும் இருக்கும்போது, வழக்குத் தொடுப்பவள் அடுத்த சால்வையை யாரிடம் விற்பாள்? இருபதாம் நூற்றாண்டிலும் பின்னலுக்குச் சரக்கு என்பது நீடித்தது. இதற்கிடையே நாகரிகம் மறுபடி மாறியது. ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே தனித்துக் கிடக்கும் ஃபேர் தீவின் பலநிறக் கோலங்கள் பெயர் பெற்றன. 1922இல் வேல்ஸ் இளவரசர், பின்னாள் எட்டாம் எட்வர்ட், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் தீவு ஸ்வெட்டர் அணிந்து தோன்றினார். அதன்பின் எல்லாருக்கும் அது வேண்டியதாயிற்று. 1588இல் ஸ்பானிய ஆர்மடாவின் கப்பல் ஒன்று அத்தீவில் உடைந்தது உண்மை. அக்கப்பலின் மாலுமிகளே இக்கோலங்களைக் கற்றுத் தந்தார்கள் என்பது கதை. அதற்கு ஆதாரம் இல்லை. உழைப்பின் விலையைத் தர மறுத்த உலகம், கற்பனையின் பெருமையையும் கரையொதுங்கிய ஆண்களுக்கே தந்துவிட்டது போலும்.

பின்னல்காரியின் கையில் ரொக்கம் புழங்கத் தொடங்கியதில் சட்டத்தைவிட இரண்டாம் உலகப் போருக்குப் பங்கு அதிகம். தீவில் தங்கியிருந்த படைவீரர்கள் குளிருக்கும், வீட்டுக்கு அனுப்பும் பரிசுக்குமாகப் பின்னலாடைகளைப் பெண்களிடமே நேரில் வாங்கினார்கள், பணமாகக் கொடுத்தார்கள். கடைக்காரருக்கு அப்பால் வாங்குபவர் இருந்ததால் பழைய முறை தளர்ந்தது. 1970களில் வட கடலில் எண்ணெய் கிடைத்து, சல்லம் வோவில் முனையம் எழுந்தபோது, பெண்களுக்கு மாதச் சம்பள வேலைகள் வந்தன. பலர் ஊசியைக் கீழே வைத்தார்கள். பாரம்பரியம் அழிகிறதே என்று வெளியூர் ரசிகர்கள் வருந்தினார்கள். வேறு வழி கிடைத்ததும் ஒரு தலைமுறையே விலகிச் சென்ற வேலை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதையும் அவர்கள் யோசித்திருக்கலாம்.

2010ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள். தீவின் பள்ளிகளில் நடந்துவந்த பின்னல் வகுப்புகளைச் செலவுக் குறைப்புக்காக நிர்வாகம் நிறுத்தியது. அதே ஆண்டு ஷெட்லாந்துக் கம்பளி வாரம் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் நடக்கும் அவ்விழாவுக்கு உலகெங்கிலுமிருந்து பின்னுவோர் வருகிறார்கள். லெர்விக்கின் நூற்கடைகளில் நாள் முழுவதும் அலைகிறார்கள். ஆட்டின் இயற்கை நிறங்களான பழுப்பு, சாம்பல், கறுப்பு முதல் இருநூறுக்கும் மேற்பட்ட சாய நிறங்கள் வரை அடுக்கப்பட்ட அலமாரிகள் அவர்களை மயக்குகின்றன. பள்ளியில் நின்றுபோன கல்வியைத் தன்னார்வலர்கள் பின்னர் குழந்தைகளுக்கு மீண்டும் தரத் தொடங்கினார்கள். பிழைப்புக்காகப் பின்னிய காலம் முடிந்து, விருப்பத்துக்காகப் பின்னும் காலம் வந்திருக்கிறது.

அதில் மகிழ்ச்சியே. ஆயினும் பழைய கணக்கு முழுவதும் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. பலநிறக் கோலமிட்ட ஒரு ஸ்வெட்டரைக் கையால் பின்னி முடிக்க நூறு மணி நேரமளவு ஆகும். அந்த நேரத்துக்குச் சாதாரணக் கூலி விகிதப்படி விலை வைத்தால் வாங்க ஆளிருக்காது. விலையைக் கேட்டதும் நாமே ‘அடேயப்பா’ என்று பின்வாங்குவோம். நம் ஊர்ச் சந்தையில் பாய் முடைபவரிடமும் கூடை பின்னுபவரிடமும் நாம் அப்படித்தானே செய்கிறோம். நூலுக்குக் கேட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். அதைக் கோத்த கைக்கு மட்டும் பேரம் பேசுகிறோம்.

1872இன் அறிக்கையில் கத்ரி கேட்ட கேள்விகள் பெரும்பாலும் எளியவை. எத்தனை நாள் பின்னினாய், என்ன விலை சொன்னார்கள், பணம் கேட்டாயா, என்ன கொடுத்தார்கள் என்பன போன்றவை. எவரும் அதுவரை கேட்டிராத கேள்விகள். அந்தப் பெண்கள் சுருக்கமாக, தயக்கமில்லாமல், பென்னிக் கணக்குப் பிசகாமல் பதில் சொன்னார்கள். அடுத்த வேலைக்கு அதே வணிகர்களிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதை அறிந்தே சொன்னார்கள்.